கிளவுடில் ஏற்றிய சின்ன கோ சர்வர் உடனே நின்றுவிடுகிறது: உதவி தேவை

மலைப்பாதை:
வணக்கம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லும் சர்வர் ஒன்றை கோ மொழியில் எழுதியிருக்கிறேன். கால அட்டவணை, பக்க வடிவம் எல்லாம் எம்பெட் (கோப்புகளை நிரலுக்குள் பதிக்கும் கோ வசதி) வழியாக பைனரிக்குள்ளேயே, அதாவது இயங்கும் அந்த ஒரே கோப்புக்குள்ளேயே இருக்கின்றன, தரவுத்தளம் கிடையாது. ஸ்க்ராட்ச் என்ற காலியான டாக்கர் இமேஜில் (நிரலை அடைத்து அனுப்பும் பொதி) அந்த ஒரே கோப்பை வைத்து ஏற்றினேன். மடிக்கணினியில் பைனரி ஒழுங்காக ஓடுகிறது. கிளவுடில் "சர்வர் தயார், 127.0.0.1:8080" என்று லாகில் வருகிறது, பிறகு போர்ட்டில் பதில் இல்லையென்று தளம் நிறுத்திவிடுகிறது. மெமரியைக் கூட்டியும் பயனில்லை.

கம்பிவேலி:
மெமரியை விடுங்கள், லாகிலேயே விடை இருக்கிறது. 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னருக்குள் (உங்கள் இமேஜ் தனியாக ஓடும் கூடு) மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியிலிருந்து வரும் கோரிக்கை கன்டெய்னரின் வேறொரு நெட்வொர்க் முகவரிக்கு வருகிறது. அங்கே உங்கள் சர்வர் காது கொடுக்கவில்லை. முகவரியை 0.0.0.0:8080 என்றோ, வெறுமனே :8080 என்றோ மாற்றுங்கள். பைனரியை நேரடியாக ஓட்டினால் இந்தக் கோளாறு தெரியாது. டாக்கரில் போர்ட்டைத் திறந்துவிட்டு ஓட்டியிருந்தால் வீட்டிலேயே அகப்பட்டிருக்கும்.

ஈரோட்டுக்காரர்:
8080 என்று எழுதி வைப்பதும் சரியல்ல. தளம் 'போர்ட்' என்ற சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) எண்ணைத் தரும். அதைப் படியுங்கள், காலியாக இருந்தால் மட்டும் 8080. கூகுளின் கிளவுட் ரன்னில் இயல்பான எண்ணே 8080 என்பதால் தப்பித்துவிடலாம். ஹெரோக்கு என்ற கிளவுட் தளத்தில் எண்ணை அவர்கள்தான் தருவார்கள். 60 வினாடிக்குள் அந்தப் போர்ட்டைப் பிடிக்காவிட்டால் செயலியை நிறுத்திவிடுவார்கள்.

மலைப்பாதை:
இரண்டையும் செய்தேன், சர்வர் எழுந்துவிட்டது, நன்றி. ஆனால் பக்கத்தைத் திறந்தால் "அன்நோன் டைம் ஜோன் ஏசியா/கொல்கத்தா" என்று பிழை. இதுவும் மடிக்கணினியில் வருவதில்லை.

கம்பிவேலி:
ஸ்க்ராட்ச் என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை. நேர மண்டலத் தரவும் இல்லை. உங்கள் கணினியில் இயங்குதளமோ நிறுவியிருக்கும் கோவோ அதைத் தந்துவிடுகிறது. டைம்/டிஇசட்டேட்டா தொகுப்பை முன்னால் அடிக்கோடு (_) போட்டு இம்போர்ட் செய்தால் தரவு பைனரிக்குள் வந்துவிடும். கோ 1.15 முதல் இந்த வசதி உண்டு. பைனரி ஏறக்குறைய 450 கேபி பெருகும்.

ஈரோட்டுக்காரர்:
ஒரே ஒரு மண்டலத்துக்கு உலகத்தின் கடிகாரங்கள் அத்தனையையும் சுமப்பானேன்? இந்தியாவில் இப்போது கோடைக்கால நேரமாற்றமே கிடையாது. டைம் தொகுப்பில் மாறாத நேர வித்தியாசத்தை அமைக்கும் ஃபிக்ஸ்டுஜோனுக்கு 19800 வினாடி கொடுங்கள், ஐந்தரை மணி நேரம் வந்துவிடும். மண்டலத்தைக் குறிக்காமல் மட்டும் விடாதீர்கள்: சர்வர் யூடிசி (உலகப் பொது) நேரத்தைப் பார்த்துக்கொண்டு, காலையில் போய்விட்ட பஸ்ஸுக்கு மதியம் ஆளைக் காத்திருக்க வைக்கும்.

கம்பிவேலி:
பஸ் அட்டவணைக்கு அது போதும், ஒப்புக்கொள்கிறேன். வேறு நாட்டு நேரம் வேண்டுமென்றால் என் வழிதான்.

மலைப்பாதை:
ஃபிக்ஸ்டுஜோன் போட்டேன், நேரம் சரியாக வருகிறது. அடுத்து மழை நிலவரத்தை வேறொரு வலைத்தளத்திலிருந்து எடுத்துக் காட்ட எண்ணம். அதற்கும் ஸ்க்ராட்ச் தாங்குமா?

ஈரோட்டுக்காரர்:
எச்டிடிபிஎஸ் வழியாக வெளியே போனால் சான்றிதழை நம்ப முடியவில்லையென்று பிழை வரும். எதிர்ப்பக்கத் தளத்தை நம்பலாமா என்று சரிபார்க்கும் மூலச் சான்றிதழ்களும் ஸ்க்ராட்ச்சில் இல்லை. பைனரியை உருவாக்கும் பில்டு கட்டத்து இமேஜிலிருந்து அந்தச் சான்றிதழ்கள் உள்ள ஒரு கோப்பை நகலெடுக்க டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் குறிப்புக் கோப்பு) ஒரு வரி சேருங்கள். அல்லது டிஸ்ட்ரோலெஸ் ஸ்டேட்டிக் என்ற, அவசியமானவை மட்டும் உள்ள சிறிய இமேஜுக்கு மாறுங்கள். சான்றிதழ், நேர மண்டலத் தரவு இரண்டும் அதில் உண்டு.