மறு: மரவில்லுக்கு ‘ஃபினிஷ்’ – முடிப்பா, மெருகா, வேறெதுவுமா?

அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

மரவில்லுக்குக் கடைசியில் பூசுகிற பூச்சை ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்’ என்கிறார்களே, நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் கையெல்லாம் எண்ணெய். சனிக்கிழமைதான் என் மூங்கில் வில்லுக்கு மூன்றாவது பூச்சு கொடுத்தேன். கொடுக்கும்போதே நீங்கள் முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாகக் கையிலிருந்த வேலையோடு ஒட்டிப் பார்த்தேன், ஒன்றும் சரியாக ஒட்டவில்லை.

அக்கா சொன்ன ‘முடிப்பு’ ஆங்கிலச் சொல்லின் நிழல்தான். தமிழில் முடிப்பு என்றால் பணமுடிப்பு. தக்கலையில் ஒரு கடையில் போய் வில்லுக்கு முடிப்பு வேண்டும் என்று கேட்டால் தலைமுடிக்கா என்று திருப்பிக் கேட்பார்கள்.

அண்ணாச்சியின் ‘மெருகு’ நல்ல பழைய சொல், ஆசாரிமார் வாயிலும் இருக்கிறது. ஆனால் அது பளபளப்பைச் சொல்கிற சொல். வில்லில் பளபளப்பு இரண்டாம்பட்சம். வெளிநாடுகளில் வில்லோடு வேட்டைக்குப் போகிறவர்கள், வெயில் பட்டு மின்னினால் மான் ஓடிவிடும் என்று மங்கலான பூச்சையே தேடிப் பூசுகிறார்கள். மெருகில்லாத மெருகு என்று எழுதிவைத்தால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்புறம், வார்னிஷுக்கு ‘மெருகெண்ணெய்’ என்று அகராதிகளில் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ‘மேற்பூச்சு’ இன்னொரு வகையில் இடிக்கிறது. எண்ணெயின் வேலை மேலே நிற்பது இல்லை, மரத்துக்குள்ளே போவதுதான்.

சொல்லை விட்டுவிட்டு, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிறகு விடும். வில்லுக்கு எடையில் 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இருந்தால் நல்லது என்பது வில் செய்பவர்களின் கணக்கு. அதற்கு மேலே போனால் வில் சோம்பிப்போகும், நாணை அவிழ்த்த பிறகும் வளைந்தபடியே நிற்கும், அம்பு வேகம் குறையும். ரொம்பக் காய்ந்தால் இழுக்கும்போது ஒடியும். இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் குமரி மாவட்டத்தில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் குலசேகரத்து ரப்பர் தோட்ட ஈரத்தில் செய்த வில்லை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கொண்டுபோனால், காலையில் கிளம்பி மதியத்துக்குள் மரம் வேறொரு நாட்டுக்குக் குடிபோன மாதிரி ஆகிவிடும், அங்கே காற்றாலை சுற்றுகிற அதே காற்று வில்லையும் உலர்த்தும். எந்தப் பூச்சும் இந்தப் போக்குவரத்தை முழுக்க நிறுத்தாது. மெதுவாக்கும், அவ்வளவுதான். (வில்லை வாரம் ஒருமுறை வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை மாறாமல் நின்ற பிறகு பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான்.)

ஆக அது காக்கிறது. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது, அதுவும் பூசுகிற பொருளுக்கே இருக்கிறது: காப்பு. சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பு சாத்துவதைப் பார்க்காதவர்கள் இந்தக் குழுவில் இருக்கமாட்டீர்கள். சந்தனக்காப்பு, எண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு எல்லாம் அப்படித்தான். காஞ்சிபுரத்து அத்திவரதர் மரத்தால் ஆனவர். 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருகிறவர். 2019இல் திரும்ப நீருக்குள் வைக்குமுன் அவருக்குச் சாத்தியது தைலக்காப்பு. மரத்துக்கு எண்ணெய் கொடுத்து நீரிலிருந்து காப்பாற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வகைகளுக்கும் இது இடம் கொடுக்கும். மரத்துக்குள் ஊறி, உள்ளேயே இறுகுவது எண்ணெய்க்காப்பு. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் இதில் வரும். மேலே தோலாகப் படிவது படலக்காப்பு. அரக்கு, வார்னிஷ், பாலியூரிதேன் எல்லாம் இதில் அடங்கும். சுசீந்திரத்து வெண்ணெய் கல்லில் ஊறுவதில்லை, மேலே நிற்கிறது. அது படலம். என்ன, ஆஞ்சநேயர் வளைகிறவர் இல்லை. வில் ஒவ்வோர் அம்புக்கும் வளைகிறது, ஆகவே படலமும் கூடவே வளைய வேண்டும். கெட்டியாகப் பூசிய அரக்கு விரிசல் விட்டுவிடும். படகுக்கும் பாய்மரத்துக்கும் என்று செய்கிற வார்னிஷ் கொஞ்சம் நெகிழும் என்பதால் வில்காரர்கள் அதை விரும்புகிறார்கள். எதுவானாலும் மெல்லியதாக மூன்று நான்கு முறை. நுனிப் பக்கம் கனம் ஏறினால் அம்பு வேகம் இழக்கும். ஆனால் நாண் மாட்டும் குதையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மரத்தின் நார் அங்கே வெட்டுப்பட்டுத் திறந்து கிடக்கிறது, ஈரம் நுழைகிற வாசலே அதுதான்.

இன்னொரு சொல். ஆங்கிலத்தில் ‘டிரையிங் ஆயில்’ என்கிறார்களே, அதற்கு ‘உலர் எண்ணெய்’ என்று பாடநூல் சாயலில் ஒன்று ஓடுகிறது. எனக்கு ‘காயும் எண்ணெய்’ போதும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் வில்லுக்கு, தலைக்குத் தேய்க்கிறதை மரத்துக்குத் தேய்த்தால் என்ன என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு மாதம் ஆகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. தூசியெல்லாம் ஒட்டி, சிக்கு வாடை அடித்து, அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகும், நீர் ஆவியாவது போன்ற காய்தல் இல்லை அது. கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதைக் ‘கொதிக்க வைத்த’ என்று யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு சேர்த்தது அது, ‘விரைந்து காயும்’ என்று எழுதினால் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இது சொல்லாராய்ச்சி இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

———

தம்பி,

‘முடிப்பு’ போகட்டும், எனக்கும் அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஆனால் காப்பை அப்படியே விழுங்க முடியவில்லை. ஒன்று, இயற்பியலில் ‘காப்பிடப்பட்ட கம்பி’ என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். காப்பிட்ட வில் என்றால் ஷாக் அடிக்காத வில் என்று நினைக்கும். இரண்டு, காப்பு என்றால் கையில் போடுவதும்தானே. மூன்று, தைலக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்று கோவில் வாடை தூக்கலாக இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர்கள். ‘ஊறுகாப்பு’, ‘படலக்காப்பு’ என்று இரட்டையாக வைத்தால் இந்த வாடை போகுமா?

———

அக்கா,

முதல் ஆட்சேபம் நியாயம். ஆகவே வினையாகக் ‘காப்பிடு’ வேண்டாம், அது மின்சாரக்காரர்களுக்கே இருக்கட்டும். நாம் ‘காப்புப் பூசு’ என்போம். வளையல் பிரச்சினை இடம் பார்த்துத் தீரும். வளைகாப்பு வீட்டில் யாரும் வார்னிஷ் டப்பாவைத் தேடப்போவதில்லை.

கோவில் வாடையைப் பற்றி யோசித்தேன். பாதுகாப்பு, காப்பீடு, காப்பகம் என்று தினமும் எழுதுகிறோம், எதிலும் யாருக்கும் அந்த வாடை வந்ததில்லை. அந்தச் சங்கடம் ‘தைலம்’ என்ற முன்பாதியில்தான். அதனால்தான் மேலே எண்ணெய்க்காப்பு என்று எழுதினேன். ‘ஊறுகாப்பு’ முதல் பார்வையில் எனக்கும் பிடித்தது, ஊறுகிற காப்பு, ஊறு வராமல் காக்கும் காப்பு, இரண்டு பொருளும் தற்செயலாகச் சரியாகவே விழுகின்றன. ஆனால் என் தங்கை அதை வாசித்துவிட்டு மாங்காயா எலுமிச்சையா என்றாள். அதோடு அந்தச் சொல் முடிந்தது.

காப்பு நம் கரைக்கும் பொருந்துகிறது. படகுப் பலகைக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயும் பூசிய பழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. முந்திரித் தோட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் உரியும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஜப்பானில் அரக்குமரப் பாலைப் பூசிப் பாத்திரமும் வில்லும் செய்கிறார்கள், அந்த மரமும் முந்திரியும் ஒரே குடும்பம், அந்தப் பாலும் அதே மாதிரி தோலை அரிக்கும். அதற்கு மாற்றாக முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்து ஒரு பூச்சைச் செய்து ‘காஷ்யூ’ என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். அதை நம் பட்டியலில் ‘முந்திரிக்காப்பு’ என்று எழுத ஆசை. அதேபோல மார்த்தாண்டத்துத் தேன்மெழுகைக் கடைசியாகத் தேய்ப்பது மெழுகுக்காப்பு. அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, எனவே எப்போதும் கடைசியில்தான். முன்பாதியை மாற்றினால் பொருள் மாறுகிறது, பின்பாதி நிற்கிறது. முடிப்போ மெருகோ இப்படி வளைந்து கொடுக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோவில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாட வரும் ஒரு பாட்டுக்காரரிடமும் கேட்டேன். அவருடையது பனையில் செய்த பெரிய வில், அம்பு விடுகிற வில் இல்லை, ஆனாலும் நாணேறி வளைந்து நிற்கிற மரம். இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்றேன். “பேரென்ன பேரு, எண்ண குடுக்கது” என்றார். வினைக்கு அதையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: காப்புக் கொடு. பெயின்டரும் ஒரு கோட் ‘கொடுக்கிறார்’. ‘பூசு’ நல்லதா ‘கொடு’ நல்லதா, அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லட்டும்.

அடுத்து ‘டில்லரிங்’ நிற்கிறது. வில்லின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குவது. பக்கத்து வீட்டு ஆசாரி “வளைவு எடுக்கிறது” என்கிறார். காப்பு அதற்கப்புறம்தான் வர முடியும், எண்ணெய் ஏறிய பிறகு செதுக்கினால் பூசியது அத்தனையும் வீண். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.