வாசிப்புக் குழுவுக்கு அடுத்த புத்தகம்: அபுனைவில் எதை எடுக்கலாம்?

வேளச்சேரி வாசகி

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். இதுவரை நாவல், சிறுகதை என்றே ஓடிவிட்டது. அடுத்தது அபுனைவு, அதாவது கதையல்லாத நூல், என்று முடிவாகிவிட்டது. பாதிப் பேர் ஐடி வேலை. இரண்டு பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். இதுவரை வந்த யோசனைகள்: 700 பக்க உலக வரலாறு ஒன்றின் மொழிபெயர்ப்பு, ஒரு சுயமுன்னேற்ற நூல், உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', தமிழர் வழக்கங்கள் பற்றிய தொ. பரமசிவனின் கட்டுரைத் தொகுப்பு 'பண்பாட்டு அசைவுகள்'. எதை வைத்து முடிவு செய்வது?

பக்கக்குறிப்பு

முதலில் கணக்கைப் போடுங்க மேடம். நாவலை மணிக்கு 40 பக்கம் ஓட்டுகிறவரும் கட்டுரை நூலில் 20, 25 பக்கத்தைத் தாண்ட மாட்டார். பெயரும் வருஷமும் மேற்கோளும் வேகத்தைப் பிடித்து இழுக்கும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் நாலு வாரத்தில் 200லிருந்து 250 பக்கம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அதில் பாதி. 700 பக்க மொழிபெயர்ப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது. அதை எடுத்தால் எல்லாரும் முதல் நூறு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு வருவார்கள், கூட்டம் முழுக்கக் கற்காலத்திலேயே நிற்கும்.

சுயமுன்னேற்ற நூலில் சிக்கல் வேறு. படிக்கச் சுலபம், பேச ஒன்றும் இருக்காது. பத்து நிமிஷத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஆளாளுக்குத் தங்கள் மேனேஜரைத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

பேச்சு நடக்க வேண்டுமானால், ஆசிரியர் ஒன்றை அடித்துச் சொல்ல வேண்டும், அதைச் சரிபார்க்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் என் ஓட்டு தொ.ப.வுக்கு. 1997இல் வந்த 'அறியப்படாத தமிழகம்' இந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் சின்னக் கட்டுரைகள்; மெதுவாகப் படிப்பவர் நாலைந்தை முடித்துவிட்டு வந்தாலும் கூட்டத்தில் வாய் திறக்கலாம்.

உதாரணத்துக்கு 'தாலியும் மஞ்சளும்'. தாலி கட்டுவது பழந்தமிழர் வழக்கம் அல்ல என்கிறார். கூட்டத்துக்குச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலை ஒரு தாளில் அச்செடுத்து எல்லாருக்கும் கொடுங்க. கோவலன் கண்ணகி திருமணத்தில் 'மங்கல அணி எழுந்தது' என்று ஒரு வரி வரும். அது தாலிதான் என்பார் ஒருத்தர், மங்கலப் பொருள்களின் ஊர்வலம் என்பார் இன்னொருத்தர். அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒன்றில் மட்டும் உஷார். தொ.ப. எல்லா இடத்திலும் அடிக்குறிப்பு அடுக்குகிறவர் இல்லை, கள அனுபவத்திலிருந்து நிறையச் சொல்வார். உடனே 'எங்க பாட்டி வீட்ல அப்படி இல்லையே' என்று ஆளுக்கொரு கதை கிளம்பும். நடத்துகிறவர் 'எந்தப் பக்கம், எந்தப் பத்தி' என்று கேட்டுக்கொண்டே இருக்கணும்.

டிகிரி காப்பி

'என் சரித்திரம்' தடிமனைப் பார்த்துப் பயந்துடாதீங்க. 1940லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 122 அத்தியாயம். 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்ற நூல். ஆகவே முழுக்கப் படித்தே தீரணும் என்கிற கட்டாயம் நமக்கும் இல்லை.

ஒரு துண்டு எடுங்க. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திப்பதில் தொடங்கி, 1887இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை அவர் அச்சிடுவது வரை. படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் உ.வே.சா. வரிசையாகச் சொல்ல, முதலியார் அசையாமல் 'இதனால் என்ன பிரயோசனம்' என்று கேட்கும் இடம் அதில்தான் இருக்கிறது. பிறகு ஏடு தேடி அலைவது, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதம் பார்ப்பது, ஜைனர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்பது, அச்சுச் செலவுக்குப் பணம் தருவதாக ஊர் ஊராகக் கையொப்பம் வாங்குவது. ப்ராஜெக்டுக்குப் பணம் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் நன்றாகப் பிடிபடும். பழைய வடசொற்கள் வரும், ஆனால் பேசுகிற மாதிரி நடை, தடுக்காது.

திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டைத்தான் 2012இல் இடித்துவிட்டார்கள். பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தையாவது கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாம் பதிப்பு

எந்த நூலானாலும் பிரதி கிடைக்குமா என்று பார்த்த பிறகு ஓட்டுக்கு விடுங்கள். தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகளாகத்தான் அச்சாகின்றன. பன்னிரண்டு பிரதி ஒரே கடையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பதிப்பகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், மொத்தமாக வாங்கினால் கழிவும் கேட்கலாம். கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரதி இருக்கும். ஒருவர் போய்ப் புரட்டிப் பார்க்க அது போதும், பன்னிரண்டு பேருக்குக் காணாது.

உ.வே.சா. நூலுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்பது சட்டம். தமிழ் நூல்களை மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாக இறக்கி போனிலேயே படிக்கலாம். ஆனால் கடையில் வாங்குகிறவர்கள் சுருக்கப் பதிப்பை எடுத்துவிடக் கூடாது. நீங்கள் சொல்லும் அத்தியாயம் அதில் இல்லாமல் போகலாம். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண்ணும் மாறும். குழுவில் அறிவிக்கும்போது பக்க எண்ணைச் சொல்லாமல் அத்தியாயத் தலைப்பைச் சொல்லுங்கள்.

தொ.ப. நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள். டெலிகிராமில் சுற்றும் ஸ்கேனில் பக்கம் விடுபட்டிருந்தால் கூட்டத்தில்தான் தெரியவரும்.

வேளச்சேரி வாசகி

மூவருக்கும் நன்றி. அப்போ இந்த இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தால் போதுமா?

பக்கக்குறிப்பு

வெறுமனே வைத்தால், பிடித்த பெயருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். இரண்டு நூலிலிருந்தும் ஐந்தைந்து பக்கம் குழுவில் போட்டு மூன்று நாள் விடுங்க. பிறகு கேள்வியை 'எது பிடிக்கும்' என்று வைக்காமல் 'எதை முடித்துவிட்டு வருவீர்கள்' என்று வையுங்க. ஒருவர் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். கூட்டத்தை நடத்த ஆள் முன்வராத நூல், எத்தனை ஓட்டு வாங்கினாலும் வேண்டாம். சமமாக வந்தால் உ.வே.சா.வை இப்போது எடுங்க, அதற்குக் காசு செலவில்லை. தொ.ப.வை ஜனவரிக்கு வைத்தால் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.