சிமெண்ட் கொல்லையைத் தோட்டமாக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லை 12 அடிக்கு 15 அடி, முழுவதும் சிமெண்ட் தளம். சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. பிள்ளைகள் விளையாடவும், அம்மா மாலையில் காற்றாட உட்காரவும், சமையலுக்கு நாலு காய் பறிக்கவும் ஏற்ற தோட்டமாக அதை மாற்ற மிகவும் ஆசைப்படுகிறேன். கையிலிருப்பது 8,000 ரூபாய்தான்.

தளம் முழுவதையும் உடைத்தால் கூலியும் இடிபாடு அள்ளும் செலவும் கட்டுப்படியாகாது. மதில் ஓரம் மட்டும் இரண்டடி அகலத்துக்கு உடைத்து முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி வைக்க எண்ணம். முருங்கை வேர் மதிலைப் பாதிக்குமா? எவ்வளவு தள்ளி நட வேண்டும்?

மீதி இடத்தில் பழைய பெயிண்ட் வாளிகளில் துளையிட்டு, செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து கத்தரி, வெண்டை, கீரை போடப் போகிறேன். ஆடிப்பட்டத்துக்குள் தயாராக வேண்டும்.

பெரிய குழப்பம் தளத்தின் சூடுதான். வாளிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் போதுமா, பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலையும் கட்ட வேண்டுமா? கத்தரியும் வெண்டையும் நல்ல வெயில் கேட்பவை. வலைக்குக் கீழே காய்ப்பு குறையுமோ என்று தயங்குகிறேன். வலை கட்டினால் பட்ஜெட்டில் பாதி அதற்கே போய்விடும். இப்படிச் செய்து பார்த்தவர்கள் படத்துடன் சொன்னால் பேருதவியாக இருக்கும்.