பத்து மடங்கு விலை கொடுத்து ஜப்பானியக் கத்தி வாங்கலாமா?

கேள்வி – அடுக்களைவாசி

அனைவருக்கும் வணக்கம். நாள்தோறும் இருவேளை வீட்டில் சமைப்பவன் நான். இப்போது விக்டரினாக்ஸ் நிறுவனத்தின் எட்டு அங்குலக் கத்தியைப் பயன்படுத்துகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை. ஒசாகாவில் பணிபுரியும் என் தம்பி விடுமுறைக்கு ஊர் வரும்போது, அருகிலுள்ள சக்காய் நகரத்துக் கொல்லர்கள் செய்த கத்தி ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறான். அவன் பார்த்தவற்றுள் ஒன்றின் விலை 20,000 யென். 'ஹொன்யாக்கி' வகையைச் சேர்ந்த மற்றொன்றின் விலை 2,00,000 யென். இரண்டும் காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் பயன்படும் 'கியூட்டோ' வடிவக் கத்திகளே. விலையில் உள்ள இந்த வேறுபாடு வெட்டும்போது கையில் தெரியுமா என்பதை, இத்தகைய கத்திகளைப் பயன்படுத்தியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – உலோகவியலாளன்

ஐயா, முதலில் உங்கள் பழைய கத்திக்கும் 20,000 யென் கத்திக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். அது உண்மையானது, பெரியதும்கூட. மேலைநாட்டுச் சமையல் கத்திகளின் எஃகு பெரும்பாலும், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை கடினம் கொண்டது. நல்ல ஜப்பானியக் கத்திகள் 60-ஐத் தாண்டும். எஃகு கடினமாக இருப்பதால்தான் அலகை மெல்லியதாகவும் கூர்வாயைக் குறுகிய கோணத்திலும் தீட்ட முடிகிறது. வெங்காயத்தையோ கேரட்டையோ பிளந்துகொண்டு போகாமல் கத்தி வழுக்கி இறங்குவதற்குக் காரணம், எஃகின் பெயரைவிட, கூர்வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதே. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா என்னும் ஆய்வு அமைப்பு வகுத்த சோதனையில், மணற்சத்து கலந்த அட்டைகளை மீண்டும் மீண்டும் வெட்டச் செய்து கத்தியின் கூர் நீடிப்பதை அளக்கிறார்கள்; அதிலும் கோணம் குறுகிய கத்தி, சில்லுத் தெறிக்காத வரையில், மழுங்கிய பிறகும் கூடுதலாக வெட்டுகிறது.

இனி 20,000-க்கும் 2,00,000-க்கும் இடையிலான வேறுபாடு. சாதாரணக் கத்தியில் கடினமான எஃகை மென்மையான இரும்போடு காய்ச்சி இணைத்திருப்பார்கள். ஹொன்யாக்கியோ முழுவதும் ஒரே கடின எஃகு. அதன் முதுகுப் பகுதியில் களிமண்ணைத் தடித்துப் பூசி, செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவார்கள்; கூர்வாய் விரைவாகக் குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து சற்று மென்மையாகவே நிற்கும். நீரில் அமிழ்த்தும் அந்தக் கணத்தில் விரிசல் விட்டால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீண். நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி இந்தத் திறமைக்கும் இழப்புக்கும் போகிறது. எஃகின் விலை அதில் மிகச் சிறியது. ஷிமானே மாகாணத்து யசுகியில் உருவாகும் ஷிரோகாமி என்னும், துருப்பிடிக்கக்கூடிய கரி எஃகு இரண்டு வகைக் கத்திகளிலும் இருக்கலாம். பதப்படுத்தலும் தீட்டலும் சமமாக இருந்தால், தக்காளியில் இறங்கும் கூர்வாய் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே வெட்டும் திறனுக்காக மட்டும் என்றால், பத்து மடங்கு விலை தகாது என்பதே என் உறுதியான கருத்து.

பதில் – பழைய சமையற்காரர்

மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். நட்சத்திர விடுதிச் சமையலறையில் பச்சை மீனை இழைத்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்: ஹொன்யாக்கி என்பது, பணி முடிந்ததும் நாள்தோறும் தீட்டுக்கல்லில் உட்காருபவர்களின் கருவி. ஒருபக்கம் மட்டும் தீட்டப்படும் யனகிபா கத்தியால் மீனை ஒரே இழுப்பில் இழைப்பவருக்கு அது பெரும் துணை.

நம் சமையல் வேறு. வாழைக்காயும் வாழைப்பூவும் கரி எஃகில் பட்டால் கத்தியும் காயும் கறுக்கும். புளியும் எலுமிச்சையும் பட்டதைத் துடைக்காமல் வைத்தால் துருப் பிடிக்கும். தேங்காய், ஆட்டெலும்பு, வஞ்சிர மீனின் நடுமுள் ஆகியவற்றில் இவ்வளவு கடினமான கூர்வாயை இறக்கினால் சில்லுத் தெறிக்கும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடவும் முடியாது. உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் கூர்வாய் தன் பதத்தை இழந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்த நடுத்தர விலைக் கத்தி ஒன்றும், 1000, 3000 எண்ணுள்ள தீட்டுக்கற்கள் இரண்டும் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) வாங்குங்கள். தீட்டத் தெரிந்தவர் கையில் எளிய கத்திகூட நன்றாக வெட்டும்.

பதில் – கைவினைப்பற்றாளர்

வெட்டுவதை மட்டும் அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சக்காயில் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், கைப்பிடி பொருத்துபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானிய அரசு 1982-இல் இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. அந்த வேலைக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்பவர் ஏமாந்தவர் ஆகமாட்டார்.

ஆனால் அலகில் தெரியும் அழகுக் கோடுகளுக்குக் கொடுக்கும் விலையை நானும் ஏற்கவில்லை. டமாஸ்கஸ் என்று விற்கப்படும் பல கத்திகளில், பக்கவாட்டில் தெரியும் அலையலையான அடுக்குகள் ஒப்பனையே; வெட்டுவது நடுவில் உள்ள விஜி-10 போன்ற எஃகுதான். புகழுக்கான விலையோ முற்றிலும் வேறு: அமெரிக்கக் கொல்லர் பாப் கிராமர், விண்கல் இரும்பையும் சேர்த்து, புகழ்பெற்ற சமையல் கலைஞரும் எழுத்தாளருமான அந்தோனி போர்டெய்னுக்குச் செய்துகொடுத்த கத்தி 2019 ஏலத்தில் 2,31,250 டாலருக்குப் போனது. அதை வெட்டும் திறனோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அடுக்களைவாசி

மிக்க நன்றி. விலை குறைந்த கத்தியையும் இரண்டு கற்களையும் வாங்கிவரச் சொல்கிறேன். கடையில் தம்பி எதைச் சோதிக்க வேண்டும்?

பழைய சமையற்காரர்

அலகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை வளைவின்றி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுனியிலிருந்து நேராகப் பார்த்தால், முதுகிலிருந்து கூர்வாய் வரை அலகு சீராக மெலிந்து வரவேண்டும். கைப்பிடி சேருமிடத்தில் நீர் புகும் இடைவெளி இருக்கக்கூடாது. விமானத்தில் கைப்பையில் கொண்டுவர இயலாது. கூர்வாயை அட்டையால் மூடி, பெரிய பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.