ஹ்மாங், செர்பியன்: இரண்டிலும் ஏன் இத்தனை மெய்யெழுத்து?

வைகறை:
வணக்கம். மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு, முறையாக மொழியியல் படித்ததில்லை. இந்த இரண்டு மொழிகளையும் இலத்தீன் எழுத்தில் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒரு சந்தேகம். செர்பியனில் விரலுக்கான சொல்லை பி, ஆர், எஸ், டி என்று நான்கே எழுத்தில் எழுதுகிறார்கள், நான்கும் மெய், உயிரே கிடையாது. ஹ்மாங்கில் கிட்டத்தட்ட எல்லாச் சொல்லும் பி, ஜே, வி, எஸ், ஜி, எம் என்று ஏதாவது ஒரு மெய்யில் முடிகிறது. செர்பியன் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி மொழி, ஹ்மாங் தென்சீன மலைகளிலும் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்திலும் பேசப்படுவது, எனவே உறவு இருக்காது. ஆனால் ஒலி அமைப்பிலாவது ஏதாவது ஒற்றுமை உண்டா? அப்புறம், தமிழ் பேசுகிறவர்களுக்கு இரண்டில் எது எளிதாக வரும்?

மலைத்தேன்:
நல்ல கேள்வி. ஒற்றுமை இல்லை, நேர் எதிர் என்றே சொல்லலாம். நீங்கள் ஹ்மாங் சொற்களின் கடைசியில் பார்த்த எழுத்துகள் மெய்யொலிகளே அல்ல, அவை சுருதியைக் காட்டும் குறிகள். பி என்றால் உயர்ந்த சுருதி, ஜே என்றால் உயரத்திலிருந்து இறங்குவது, வி என்றால் ஏறுவது, எஸ் என்றால் தாழ்ந்தது, எம் என்றால் தாழ்ந்து தொண்டையை இறுக்கிச் சொல்வது, ஜி என்றால் மூச்சுக் காற்று கலந்து இறங்குவது. எதுவும் எழுதாவிட்டால் நடுச் சுருதி.

தமிழில் எழுதினால் எல்லாமே ‘போ’ என்று வரும் ஓர் அசையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஹ்மாங் என்ற கிளைமொழியில் சுருதியை மட்டும் மாற்றினால் அதுவே உருண்டையான பொருள், பெண், எறி, மண்ணீரல், முள், அப்பாவின் அம்மா, பார் என்று ஏழு வேறு சொற்களாகிவிடும்.

இந்த எழுத்துமுறையை 1951 முதல் 1953 வரை லாவோஸில் இவ் பெர்த்ரே, வில்லியம் ஸ்மாலி, லின்வுட் பார்னி என்ற மூன்று மிஷனரிகள் உருவாக்கினார்கள். ஹ்மாங் அசை உயிரில்தான் முடியும், மிஞ்சினால் நம் ‘ங்’ போன்ற ஒரு மூக்கொலி வரும். அதனால் அசையின் கடைசியில் மெய்யெழுத்துகளுக்கு வேலையே இல்லை. அந்த இடத்தைச் சுருதிக்குக் கொடுத்துவிட்டார்கள், சாதாரணத் தட்டச்சு இயந்திரத்திலேயே எழுத முடிந்தது. மூக்கொலியைக்கூட உயிரை இரட்டித்துத்தான் காட்டுகிறார்கள். அவர்களுடைய இனப்பெயரையே எச், எம், ஓ, ஓ, பி என்று எழுதுவார்கள், அதில் ‘ப்’ என்ற ஒலி எங்கேயும் இல்லை. இன்னொரு விஷயம், இந்த முறையில் ஆர் என்ற எழுத்துக்கு ஒலி ஏறக்குறைய நம் ‘ட்’. நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலி நமக்குப் பிறவியிலேயே பழக்கம், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதற்குப் பாடுபட வேண்டும்.

கல்வெட்டு:
செர்பியன் பக்கம் நான் சொல்கிறேன். அங்கே மெய்கள் உண்மையிலேயே அடுத்தடுத்து ஒலிக்கின்றன. விரல் ‘ப்ர்ஸ்த்’, இரத்தம் ‘க்ர்வ்’. நடுவிலுள்ள ‘ர்’தான் உயிரின் வேலையைச் செய்கிறது, அழுத்தமும் அதன்மேல்தான் விழும்.

செர்பியனிலும் சுருதி உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குறுகி இறங்குவது, நீண்டு இறங்குவது, குறுகி ஏறுவது, நீண்டு ஏறுவது என்று நான்கு வகை. ‘கிராத்’ என்பதைக் குறுக்கிச் சொன்னால் ஆலங்கட்டி மழை, நீட்டிச் சொன்னால் நகரம். ஆனால் இதை எழுத்தில் காட்டுவதே இல்லை, அகராதியிலும் பாடநூலிலும்தான் குறி போடுவார்கள். பேசுவது போல எழுது என்ற கொள்கையோடு செர்பிய மொழிச் சீர்திருத்தக்காரர் வூக் கராஜிச் 1818இல் அகராதி வெளியிட்டு 30 எழுத்துள்ள சிரிலிக் (ரஷ்யனுக்கும் பயன்படும் எழுத்துவகை) வரிசையை அமைத்தார், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, அவ்வளவு துல்லியம். அதிலும் சுருதிக்கு இடமில்லை. ஹ்மாங்காரர்கள் விடாமல் எழுதுவதை செர்பியர்கள் எழுதாமலே விடுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது: செர்பியனில் சுருதி தவறினாலும் பெரும்பாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நீஷ் நகரம் இருக்கும் தென்கிழக்குப் பகுதியில் இந்த வேறுபாடு பேச்சிலிருந்தே போய்விட்டது, வெறும் அழுத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எது எளிது என்றால், தமிழர்களுக்கு செர்பியன்தான் என்பேன். வேற்றுமை உருபு நமக்குப் புதிதல்ல, அவர்களுக்கு ஏழு வேற்றுமை. விளி வேற்றுமைகூட உண்டு: மிலான் என்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘மிலானே’.

செம்மண்:
கல்வெட்டு அண்ணா சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் ‘ஐ’ என்றால் மரத்தை, மரங்களை, பெண்ணை, பெண்களை எல்லாவற்றுக்கும் அதுவேதான். செர்பியனில் வேற்றுமை, எண், பால் மூன்றையும் ஒரே ஈற்றில் பிசைந்துவிடுகிறார்கள். அதே ‘உ’ ஈறு ‘ஷேனு’வில் ‘பெண்ணை’ என்ற பொருள் தரும், ‘கிராது’வில் ‘நகரத்துக்கு’ என்ற பொருள் தரும். எண்ணும்போது இரண்டு நகரம் ‘த்வா கிராதா’, ஐந்து நகரம் ‘பேத் கிராதோவா’. வினையில் எழுதிக்கொண்டிருப்பதற்கு ‘பிசாதி’, எழுதி முடிப்பதற்கு ‘நபிசாதி’ என்று இரண்டு இரண்டாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஹ்மாங்கில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. வினை மாறவே மாறாது, காலம் காட்ட ஒரு தனிச் சொல்லை வைத்தால் போதும். பெயர்ச்சொல்லை எண்ணும்போது மட்டும் நடுவில் ஒரு வகைச்சொல் வேண்டும், மனிதருக்கும் விலங்குக்கும் ‘து’, வீடு போன்ற பொருளுக்கு ‘லு’ என்று. காது பழகும்வரைதான் கஷ்டம், ஆனால் அந்தக் காதுப் பழக்கத்துக்கு நாள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச ஆசைப்பட்டால் ஹ்மாங்குக்குப் பேச ஆள் வேண்டும், படித்தே கற்க முடியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகப் படிப்பவர் என்றால் செர்பியன்.

வைகறை:
மிக்க நன்றி எல்லோருக்கும். ஹ்மாங்குக்கு மிஷனரிகள் தந்த எழுத்து மட்டும்தானா? அவர்களே உருவாக்கியது எதுவும் இல்லையா?

மலைத்தேன்:
இருக்கிறது, அதுவும் அசாத்தியமான ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி ஷோங் லூ யாங் 1959இல் பஹாவ் என்ற எழுத்தை உருவாக்கினார். பிறகு அதைப் பல கட்டங்களாகத் திருத்திக்கொண்டே போனார், 1971இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். பஹாவில் உயிரையும் சுருதியையும் முதலில் எழுதி, மெய்யைப் பின்னால் எழுதுவார்கள், ஆனால் படிக்கும்போது மெய்தான் முதலில் வரும். ‘கெ’ எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிற நமக்கு இது விளங்கும், அங்கே மொழி முழுவதும் அப்படி. யூனிகோடில் 2014இல் சேர்ந்தது. 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாகப் போய் அமெரிக்காவில் செயின்ட் பால், ஃபிரெஸ்னோ பக்கம் குடியேறியவர்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள், நீங்களும் அதிலேயே தொடங்குங்கள்.