ஹெண்ட்ரிக்ஸ் பட்டாளத்தை விட்டு வந்தது ஏன்? கணுக்கால் முறிந்தது என்று எழுதலாமா?

பழைய_கேசட்
அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் பற்றி ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்பு எழுதினேன். படித்த நண்பர் "அஞ்சு இடத்துல தப்பு"ன்னு திருப்பி அனுப்பிட்டார். இதுதான் அது:

"ஜேம்ஸ் மார்ஷல் என்ற பெயருடன் 1942 நவம்பர் 27 அன்று சியாட்டிலில் பிறந்தார். இடதுகைக்காரர் என்பதால் வலதுகை கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே கவிழ்த்து வாசித்தார். பாரசூட்டில் குதித்துக் கணுக்கால் முறிந்ததால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். 1967 ஜூனில் மான்டரே இசை விழாவில் முதன்முதலாகக் கிட்டாரை எரித்தார். 1969 ஆகஸ்ட் 17 இரவு வுட்ஸ்டாக் இசை விழாவில் நாலு லட்சம் பேர் முன்னால் வாசித்தார். 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் ஹெராயின் அதிகமாகி இறந்தார்."

மத்ததை விட்டாலும் கணுக்காலை விடமாட்டேன். பேட்டியில அவரே சொன்னது அது. அவர் கால் உடைஞ்சதா இல்லையான்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?

தந்தி_அறுந்தவன்
கேசட் அண்ணே, உங்க நண்பர் தாராள மனசுக்காரர். ஆறு வாக்கியம், ஆறிலும் தப்பு.

பிறந்தப்போ வெச்ச பேர் ஜானி ஆலன். அப்பா ஆல் ஹெண்ட்ரிக்ஸ் அப்போ பட்டாளத்துல இருந்தார். அவர் திரும்பி வந்த பிறகு, 1946-லதான் ஜேம்ஸ் மார்ஷல்னு மாத்தினார்.

கிட்டாரை முதல்ல எரிச்சது லண்டன் அஸ்டோரியா அரங்கத்துல, 1967 மார்ச் 31. மான்டரே அதுக்கப்புறம், ஜூன் 18. அங்கே கேமரா இருந்ததால எல்லார் மனசிலயும் அதுதான் நிக்குது.

வுட்ஸ்டாக்குல எல்லாம் தாமதமாகி, அவர் மேடை ஏறினது ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. கூட்டத்துல பெரும்பகுதி அதுக்குள்ள கிளம்பிப் போயாச்சு. நாலு லட்சம்ங்கிறது விழாவோட கணக்கு, அவரோட கணக்கு இல்லை.

ஹெராயின் எங்கேருந்து வந்தது? அவர் சாப்பிட்டது பார்பிட்யூரேட் தூக்க மாத்திரை. அந்த மயக்கத்துல வாந்தி மூச்சுக்குழாயை அடைச்சு இறந்தார். விசாரணை அதிகாரி தற்கொலைன்னும் சொல்லலை, விபத்துன்னும் சொல்லலை, முடிவைத் திறந்தே விட்டார். 1969 மே மாசம் டொராண்டோ விமான நிலையத்துல அவர் பையில ஹெராயின் இருந்ததா கைது பண்ணினாங்க, டிசம்பர்ல விடுதலையும் ஆயிட்டார். அவர் இறந்து ரெண்டு வாரம் கழிச்சுப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் இறந்தது ஹெராயினால. ரெண்டையும் சேர்த்துத் தைச்சு இவர் தலையில கட்டிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

கம்பி விஷயத்தை எட்டுக்கட்டை அக்காவுக்கு விடறேன். கணுக்காலுக்குத் தனியா வரேன்.

நள்ளிரவு_ரேடியோ
ஞாயிறு ராத்திரியா திங்கள் காலையா, ஜானியா ஜேம்ஸா... இதெல்லாம் தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகணும்? ஹெட்ஃபோனை மாட்டிக் கேளுங்கப்பா. ரேஷன் கார்டுல பேர் திருத்தற மாதிரி பேசிக்கிட்டிருக்கீங்க.

எட்டுக்கட்டை
ரேடியோ தம்பி, ஹெட்ஃபோன்ல கேக்கறவங்களுக்குத்தான் இது வேணும். கிட்டாரைக் கவிழ்த்தார், சரி. ஆனா கம்பியை மாத்திக் கட்டினார். தடிக்கம்பி வழக்கம்போல மேலேயே இருந்தது. மாத்தாமக் கவிழ்த்து வாசிச்சவர் ப்ளூஸ் கிட்டார்காரர் ஆல்பர்ட் கிங். ரெண்டு பேரையும் குழப்பறது இணையத்துல தீராத வியாதி.

அவர் வாசிச்ச ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்ல, பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கற பாகம்) பக்கம் இருக்கிற பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற பாகம்) சாய்வா இருக்கும். சாதாரணமா மெல்லிய கம்பிக்குக் கீழே இருக்கிற முனைதான் பிரிட்ஜை ஒட்டி வரும், அதனால அந்தக் கம்பிகள் கூர்மையா ஒலிக்கும். கவிழ்த்துட்டா சாய்வும் தலைகீழ்: தடிக்கம்பியோட ஒலிக்கு இறுக்கம் கூடும், மெல்லிய கம்பியோட ஒலி கொஞ்சம் உருண்டையாகும். கேசட் எழுதின மாதிரி கம்பி மாத்தலைன்னா இந்த விளக்கமே அடிபட்டுப் போகும்.

இன்னொண்ணு, அவர் பேனா பிடிச்சு எழுதினது வலது கையால. "இடதுகையால் வாசித்தவர்"னு போட்டா வம்பில்லை.

பழைய_கேசட்
சரி அக்கா, கம்பி, தேதி, ஹெராயின் எல்லாத்துக்கும் கையைத் தூக்கிட்டேன். கணுக்காலுக்கு வாங்க.

தந்தி_அறுந்தவன்
திருட்டுக் கார்ல போய் ரெண்டு தடவை மாட்டினதால, சிறையா பட்டாளமான்னு கேட்டு, 1961 மே 31-ல சேர்ந்தார். ஒப்பந்தம் மூணு வருஷம். 1962 ஜூன் 29-ல வெளியே வந்துட்டார், பதிமூணு மாசம்கூட முழுசா இல்லை. கௌரவமான விடுவிப்புதான், ஆனா ராணுவ ஆவணத்துல இருக்கிற காரணம் "பணிக்குப் பொருத்தமற்றவர்". காலைப் பத்தின பேச்சே இல்லை.

"அவரே சொன்னார்"னா, 1967 வாக்குல வந்த பத்திரிகைக் குறிப்புல பிறந்த வருஷம் 1945-ன்னு இருந்ததே, அதையும் ஏத்துக்கறீங்களா? அப்போ 15 வயசுல பட்டாளத்துல சேர்ந்து, 24 வயசுல செத்திருக்கணும்.

பழைய_கேசட்
வயசைக் குறைக்கிறது விளம்பரக்காரன் வேலை. காலைப் பத்தி அவர் வாயாலயே சொன்னார், 26-வது குதிப்புலன்னு எண்ணிக்கையோட.

அப்புறம், உங்க ஆவணத்தை எழுதினது யாரு? அவரைப் பிடிக்காத சார்ஜென்ட்டுங்க. அவங்க மட்டும் அரிச்சந்திரனா? சார்லஸ் கிராஸ் 2005-ல எழுதின வாழ்க்கை வரலாற்றைப் பாருங்க. தனக்கு ஓரினச்சேர்க்கை நாட்டம் இருக்குன்னு ராணுவ மனநல மருத்துவர்கிட்ட சொல்லி வெளியே வந்தார்னு, ராணுவ மருத்துவப் பதிவுகளை வெச்சே சொல்றார். அதையும் எல்லாரும் ஒத்துக்கலை. ஆக ஒரே ஆவணக் கட்டுக்குள்ளயே ரெண்டு கதை. மூணாவதா அவர் சொன்ன கதையை மட்டும் குப்பையில போடணுமா?

தந்தி_அறுந்தவன்
குப்பையில போடச் சொல்லலை. "முறிந்ததால் விடுவிக்கப்பட்டார்"னா அது நீங்க தர்ற தீர்ப்பு. "முறிந்ததாகப் பின்னாளில் சொன்னார்"னா அது அவர் சொன்னது. ஒரு வினைச்சொல்தான் அண்ணே கேக்கறேன்.

சார்ஜென்ட்டுக்கு அவரைப் பிடிக்கலைங்கறது உண்மை. அதனாலதான் எனக்கு அவங்க எழுதின புகார்கள் பிடிக்கும். அதுல என்ன இருக்கு? வேலை நேரத்துலயும் இவன் நினைப்பு கிட்டார் மேலயே இருக்கு, வேலை ஓடலைன்னு எழுதியிருக்காங்க. கேவலப்படுத்தணும்னு எழுதினது! ஒரு ரசிகனுக்கு இதைவிட என்ன வேணும்? இதை விட்டுட்டு ஒரு சுளுக்குக் காலை வெச்சுக்கிட்டுப் பிடிவாதம் பிடிக்கிறீங்க.

நள்ளிரவு_ரேடியோ
...இது எனக்குத் தெரியாது. இதைப் போடுங்க கேசட்.

எட்டுக்கட்டை
பில்லி காக்ஸையும் போடுங்க. கென்டக்கியில ஃபோர்ட் கேம்ப்பெல் முகாம்ல இவர் வாசிக்கறதைக் கேட்டுத்தான் அவர் அறிமுகமானார். பிறகு வுட்ஸ்டாக் மேடையில பேஸ் கிட்டார் வாசிச்சது அதே பில்லி காக்ஸ். அந்தப் பதிமூணு மாசத்துல எனக்கு முக்கியமாப் படறது இந்தச் சந்திப்புதான். கணுக்கால் வாக்கியம் அந்த மொத்தக் காலத்தையும் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டா சுருக்கிடுது.

பழைய_கேசட்
ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க. சரி, இது ஓடுமா பாருங்க:

"1961 மே மாதம் ராணுவத்தில் சேர்ந்தார். ஃபோர்ட் கேம்ப்பெல்லில் பில்லி காக்ஸைச் சந்தித்தார். நினைப்பெல்லாம் கிட்டார் மேலேயே என்று மேலதிகாரிகள் புகார் எழுத, 1962 ஜூனில் 'பணிக்குப் பொருத்தமற்றவர்' என்று விடுவிக்கப்பட்டார். பாரசூட்டில் குதித்துக் கணுக்கால் முறிந்ததாக ஜிம்மி பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்."

கால் உடையலைன்னு நான் ஒத்துக்கிட்டதா யாரும் எடுத்துக்க வேண்டாம். உடைஞ்சதுன்னே நம்பறேன்.

தந்தி_அறுந்தவன்
நம்பிக்கை உங்க சொந்தச் சொத்து, தொடமாட்டேன். ஆனா பேட்டி குடுத்தது "ஜிம்மி" இல்லை, "ஜிமி". 1966-ல மேலாளர் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போன சமயத்துல எழுத்தை மாத்தினாங்க. நல்லவேளையா தமிழ்ல ஒரு புள்ளி வெச்ச எழுத்தை எடுத்தாப் போதும்.

பழைய_கேசட்
அப்போ 1966 வரை ஜிம்மி, அதுக்கப்புறம் ஜிமி. பட்டாளத்துல ஜேம்ஸ். தொட்டில்ல ஜானி. திருப்தியா?

எட்டுக்கட்டை
வீட்டுல கூப்பிட்டது "பஸ்டர்". அதை எங்கே போடப்போறீங்க?

பழைய_கேசட்
அக்கா, ஆளை விடுங்க.