மூடி உருக்கி செஞ்ச ஷீட் அப்பளமா வளையுது, உரிஞ்சும் வருது, உதவி பண்ணுங்க

உப்புக்காத்து (தூத்துக்குடி):
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க ஊர் ஸ்கூல் காம்பவுண்டு சுவர்ல பெரிய மீன் ஒண்ணு வைக்கணும்னு பிள்ளைங்க ஏழெட்டு மாசமா கடற்கரைலயும் டீக்கடை வாசல்லயும் பாட்டில் மூடி பொறுக்கி கலர்வாரியா சாக்குல கட்டி வச்சிருக்காங்க, அத உருக்கி 30க்கு 30 செ.மீ. ஷீட்டா ஆக்கி செதில் செதிலா அறுத்து சுவர்ல ஒட்டணும். நெதர்லாந்துல டேவ் ஹாக்கன்ஸ் 2013ல ஆரம்பிச்ச ப்ரெஷியஸ் பிளாஸ்டிக்னு, பழைய பிளாஸ்டிக்க உருக்கி பொருள் செய்ற திட்டம், அதோட மெஷின் டிராயிங் எல்லாம் இலவசமா கிடைக்குல்லா, அத பாத்துதான் பண்ணுதோம். பழைய பேக்கரி ஓவன், சூட்ட ஒரே அளவுல நிறுத்துத பிஐடி கன்ட்ரோலர், ரெண்டு இரும்புத் தகடு, லாரி பாட்டில் ஜாக்கி, அவ்வளவுதான் மெஷின்.

180 டிகிரி வச்சு உருக்கி ஜாக்கில அமுக்கி, கொஞ்சம் இறுகினதும் ஜாக்கிய எடுத்துட்டு தகடோட சிமெண்ட் தரைல வைக்கோம். ஒரு மணி நேரத்துல நாலு மூலையும் மேல தூக்கிக்கிடுது. அறுத்தா நடுவுல ஏடு ஏடா உரியுது, அங்கங்க குமிழியும் இருக்கு. ஆறு ஷீட் போச்சு. பிள்ளைங்க மூஞ்சிய பாக்க முடியல.

லேத்துப்பட்டறை (கோவை):
ஏனுங்க, வளையறதுக்கு காரணம் நீங்க சொன்னதுலயே இருக்குதுங்க. எச்டிபிஈ, அதாவது இந்த மூடி செய்யற கெட்டி பாலிதீன், ஆறும்போது 2-3 சதவீதம் சுருங்கும், 30 செ.மீ.ன்னா 6லிருந்து 9 மி.மீ. வரைக்கும். தரைல வச்சதும் அடிப்பக்கம் சீக்கிரம் இறுகிருது, மேல்பக்கம் மெதுவா ஆறி கடைசியா சுருங்கி மூலைய தன் பக்கமா இழுக்குது. ஜாக்கிய எடுக்கவே எடுக்காதீங்க, ஓவன ஆஃப் பண்ணிட்டு அமுக்குன அமுக்கோட ராத்திரி பூரா விட்டுருங்க, காலைல பாத்தா பலகையாட்டம் இருக்கும். சுருங்க சுருங்க பிடி லூசாகும், நடுவுல ரெண்டு மூணு தடவ ஜாக்கிய ஏத்தி விடோணும்.

சூடு அளக்கற தெர்மோகப்பிள் கம்பிய எங்கீங்க வச்சிருக்கீங்க? ஓவன் சுவர்லயா? அப்ப 180ங்கறது காத்தோட சூடு, தகட்டோட சூடு இல்ல. தகட்டுல ஓரமா ஒரு ஓட்டை போட்டு அதுக்குள்ள சொருகுங்க.

மோல்டிங்ஆளு (அம்பத்தூர்):
உரியறது வேற கதை தம்பி. எல்லா மூடியும் ஒண்ணு கிடையாது. தண்ணி பாட்டில் மூடி பெரும்பாலும் எச்டிபிஈ, வேற பாட்டில்ல பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் மூடியும் வரும், ரெண்டும் உருகினாலும் கலக்காது, அதான் ஏடு ஏடா வருது. தண்ணில போட்டு பிரிக்கலாம்னு நினைக்காதீங்க, ரெண்டுமே மிதக்கும். மூடி உள்பக்கம் 2னு இருந்தா எச்டிபிஈ, 5னா பிபி. நம்பர் இல்லாதத 145 டிகிரில ஒரு தட்டுல வச்சு பாருங்க, எச்டிபிஈ சுமார் 130லயே தளர்ந்துடும், பிபி 160 தாண்டற வரைக்கும் அப்படியே நிக்கும்.

குமிழி ஈரத்தால. கழுவி ஒரு நாள் முழுக்க வெயில்ல காய வைங்க. எடையும் போட்டுக்கோங்க, 6 மி.மீ. கனத்துக்கு 540 கன செ.மீ., எச்டிபிஈ அடர்த்தி 0.95னு வச்சா அரை கிலோவுக்கு கொஞ்சம் மேல, குறைச்சு போட்டா அழுத்தமே விழாது. இன்னொண்ணு, பைப் துண்டு, ரெக்சின் எதுவும் கூட விழாம பாத்துக்கோங்க, அது பிவிசிங்கற வேற பிளாஸ்டிக், சூட்டுல ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை விடும். உருக்கற இடத்துல பிள்ளைங்கள நிக்க வைக்கவே வேணாம், பொறுக்கறதும் அடுக்கறதும் அவங்க, ஓவன் பக்கம் பெரியவங்க மட்டும். அந்த ஓவன்ல இனி சாப்பாடும் கூடாது.

உப்புக்காத்து:
அண்ணாச்சி, தெர்மோகப்பிள் சுவர்லதான் இருந்துச்சு! மூடிய கொட்டி பாத்தா நாலுல ஒரு பங்கு 5 நம்பர், நாங்க கலர மட்டும்தான் பாத்திருக்கோம். இப்ப பிள்ளைங்க நம்பர் பாத்து திரும்ப பிரிக்காங்க.

லேத்துப்பட்டறை:
ஒட்டறேன்னு சொன்னீங்களே, எச்டிபிஈல எந்தப் பசையும் சரியா நிக்காதுங்க. ஸ்க்ரூ போடுங்க, ஓட்டைய கொஞ்சம் நீளவாக்குல போடுங்க, உங்கூரு வெயிலுக்கு விரிஞ்சு சுருங்க இடம் வேணும். வெயில் நேரா அடிக்கற சுவர்னா நாளாக நாளாக கலர் மங்கி நொறுங்க ஆரம்பிக்கும், நிழல் விழற சுவர் இருந்தா அங்க வைங்க.

உப்புக்காத்து (நாலு நாள் கழிச்சு):
ராத்திரி பூரா ஜாக்கிலயே விட்டோம், காலைல தகட்ட பிரிச்சா ஷீட் தரைல ஆடாம உக்காருது அண்ணாச்சி. அறுத்த இடத்துல உரியல. ஒரு ஓரத்துல மட்டும் சின்னதா ரெண்டு குமிழி, அத வாலுக்குள்ள மறைச்சிரலாம். சுவரையும் மாத்தியாச்சு, வேப்பமரத்துக்குப் பின்னால இருக்க வடக்குச் சுவர ஹெட்மாஸ்டர் குடுத்துட்டாங்க. 5 நம்பர் மூடிய தனியா உருக்கி கண்ணு செய்யப்போறோம், அதுக்கு எத்தன டிகிரி வைக்க?

மோல்டிங்ஆளு:
தகட்டுல 200 வச்சு ஆரம்பிங்க தம்பி. மீன் சுவர்ல ஏறினதும் போட்டோ போடுங்க.